முட்டி ஜவ்வு கிழிசல்: ஆபரேஷன் இல்லாமல் எனக்குக் குணமான விதம்

படி இறங்கினால் வலது முட்டியின் உட்பக்கம் சுரீர் என்று வலிக்கும். ஸ்கேனில் மெனிஸ்கஸ் ஜவ்வு (முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பது) கிழிந்திருந்தது, கூடவே லேசான தேய்மானம். துளை போட்டுக் கிழிசலை வெட்டிவிடலாம் என்றார் முதலில் பார்த்த டாக்டர். இரண்டாவது டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "நீட்ட முடியாம முட்டி பூட்டிக்குதாம்மா?" இல்லை என்றேன். அப்படியானால் முதலில் பிசியோதெரபி என்றார். பின்லாந்தில் அடிபடாமல் தேய்மானத்தால் ஜவ்வு கிழிந்த 146 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான அறுவைக்கும், துளை மட்டும் போட்டு ஜவ்வை வெட்டாமல் விட்ட போலி அறுவைக்கும் ஒரு வருடம் கழித்துக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

என்னைக் காப்பாற்றியது தொடைத் தசைப் பயிற்சிதான். சுருட்டிய டவலை முட்டிக்கு அடியில் வைத்து அழுத்துவது, காலை மடக்காமல் தூக்குவது, பிறகு கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. ஆரம்ப வாரங்களில் வலி குறையவே இல்லை. அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள். எடையையும் குறைத்தேன். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்குச் சுமார் நாலு கிலோ சுமை குறைகிறது. சில மாதங்களில் வலி அடங்கிவிட்டது.

விளையாடும்போது முறுக்கிக் கிழிந்த இளவயதினருக்கும், முட்டி பூட்டிக்கொள்பவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு ஜவ்வைத் தைக்க வேண்டியிருக்கலாம், தள்ளிப்போடாமல் சீக்கிரம் காட்டுங்கள்.