பூட்டனின் பாக்கெட் வாட்சோடு சென்னை போகிறவர்களுக்கு

பர்மாத் தமிழர் வீடுகளில் பீரோ மூலையில் இன்னும் சில பழைய பாக்கெட் வாட்சுகள் கிடக்கின்றன. எங்கள் வீட்டில் இருந்ததன் எனாமல் முகப்பில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ் அண்ட் ரங்கூன்' என்று எழுதியிருக்கும். 1849-இல் சென்னையில் தொடங்கிய கடிகாரக் கடை அது. ரங்கூனிலும் கிளை வைத்திருந்தது. மிஷினை மூடியிருக்கும் வெள்ளிக் கூட்டை ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்காக எடை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மிஷினும் முகப்பும் மட்டும் ஒரு தகர டப்பாவில் தங்கின. கூடு வெள்ளி விலைக்குப் போவதும் மிஷின் அனாதையாக நிற்பதும் அன்று பல வீடுகளில் நடந்ததுதான். அப்படிப்பட்ட வாட்சை ஊர்ப் பயணத்தில் ரிப்பேர் செய்து, அதற்கு ஒரு கூடும் தேட நினைப்பவர்களுக்குத்தான் இது.

புறப்படும் முன் ஆசைக்குக்கூடச் சாவி கொடுக்காதீர்கள். பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். அந்த நிலையில் ஓட்டினால் அச்சுகள் தேயும். முள்ளிலோ எண்களிலோ பச்சையாக ஒளிரும் பூச்சு இருந்தால் சுரண்டவே வேண்டாம், பழைய பூச்சுகளில் ரேடியம் உண்டு. முகப்பு, மிஷின், அதில் வெட்டியுள்ள எண் மூன்றையும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்சைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்.

அந்தப் படங்கள் சுங்கத்துக்கும் உதவும். நூறு ஆண்டு கடந்த பழம்பொருளைத் தனியார் இந்தியாவை விட்டு வெளியே எடுத்துப்போக 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதனால் சென்னையில் இறங்கும்போதே வாட்சைக் காட்டிப் பதிவு செய்து, காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். அங்கே வாங்கும் கூட்டுக்கும் இதே சட்டம்தான். 1930, 40-களில் செய்த கூடு போதும். அளவு பார்த்து எடுங்கள், சட்டச் சிக்கல் இல்லை. வயது சந்தேகமாக இருந்தால், 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் வாங்கிவிடுங்கள்.

சென்னை இறங்கியதும் முதலில் வாட்சைக் கொடுங்கள், அப்புறம் ஊருக்குப் போங்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். பழைய மிஷினைப் பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டு, ஓட்டிப் பார்க்க வாரங்கள் ஆகும். கடைசி வாரத்தில் கொடுத்தால் அவசர வேலைதான் கிடைக்கும். பொங்கலை ஒட்டிப் போகிறவர்கள் கடை மூடும் நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

யாரிடம் கொடுப்பது? அண்ணா சாலையில் அந்தப் பழைய கடிகாரக் கட்டடம் இன்றும் நிற்கிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள். பர்மா பஜார் 1960-களில் நம்மவர்கள் திரும்பி வந்து போட்ட கடைத்தெரு என்ற பாசம் இருக்கும். இப்போது அங்கே பெரும்பாலும் எலக்ட்ரானிக் சாமான்கள்தான். பாரிமுனைப் பக்கத் தெருக்களில் வயதான ரிப்பேர்காரர்களைத் தேடுங்கள். உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். "அப்படியே பெட்ரோலில் முக்கித் தருகிறேன்" என்பவரிடம் வாட்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் பிரித்துத்தான் கழுவ வேண்டும். பேலன்ஸ் அச்சு (முன்னும் பின்னும் ஆடும் சக்கரத்தின் அச்சு) உடைந்திருந்தால் கடைந்து செய்யத் தெரியுமா, வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கின் அகலமும் தடிமனும் அளந்து போடுவாரா என்றும் கேளுங்கள். பழைய முகப்பை மறுபடி எழுத யாரையும் விடாதீர்கள். அந்த மயிரிழை விரிசலும் நம் பூட்டன் பார்த்ததுதான்.

கூடு விஷயத்தில்தான் நான் அடிபட்டேன். முதலில் போன கடையில், கையிலிருந்த கூட்டுக்குள் நுழைப்பதற்காக என் மிஷினின் விளிம்பையே அரம் போட்டுத் தேய்க்கத் தொடங்கினார்கள். பார்த்த வேகத்தில் பிடுங்கிக்கொண்டு வந்தேன், அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. கூட்டைத்தான் மிஷினுக்குத் தேட வேண்டும். முகப்புப் பக்க விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் மில்லிமீட்டரில் அளந்து குறித்து வையுங்கள். சுவிஸ் மிஷின்களைச் சொல்லும் 'லைன்' கணக்கில் ஒரு லைன் சுமார் 2.26 மி.மீ.; 19 லைன் என்றால் ஏறக்குறைய 43. அடுத்து, சாவி கொடுக்கத் திருகும் தண்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சின்ன விநாடி முள் 6-க்குப் பக்கத்தில் இருக்க, தண்டு 12-இல் இருந்தால் மூடியில்லாத திறந்த முகக் கூடு. தண்டு 3-இல் இருந்தால் முகப்பின் மேல் மூடி வைத்த கூடுதான் பொருந்தும். மாற்றிப் போட்டால் 12 பக்கவாட்டில் விழும். மிஷினின் உயரமும், அதைக் கூட்டோடு பிடிக்கும் திருகுகளின் இடமும் ஒத்துவர வேண்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அளவுச் சீட்டோடு தேடுங்கள். பர்மாத் தேக்கில் வீடு கட்டியவர்களின் சாமான்கள் அங்கே வருகின்றன. கிடைத்த வெள்ளிக் கூட்டைப் பளபளப்பாக்கச் சொல்லாதீர்கள், வெள்ளியின் தர முத்திரை தேய்ந்துவிடும். எங்கும் அமையவில்லையா? அளவு தப்பிய கூட்டுக்குள் திணிக்காமல், பகானில் செய்யும் அரக்குப் பெட்டி ஒன்றில் பஞ்சு மெத்தை வைத்துப் படுக்கவையுங்கள்.

ரிப்பேர்காரரிடமிருந்து வாட்சைத் திரும்ப வாங்கும் முன் இரண்டு மூன்று நாள் ஓடவிட்டு, முகப்பு மேலாகவும் கீழாகவும், தொங்கவிட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதுக்கு நாளைக்கு ஓரிரு நிமிடம் முன்பின்னானால் குறையில்லை. அப்புறம் தினமும் காலையில் ஒரே நேரத்தில், தடை தெரிந்ததும் நிறுத்தி, சாவி கொடுங்கள். ரங்கூன் வந்து இறங்கியதும் முள்ளை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திவையுங்கள்.