பிரிதல், குலைதல்: ஆங்கிலச் சொற்களைக் குழப்பமில்லாமல் படிப்பது எப்படி?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பலர் ஐந்தாறு ஆங்கிலச் சொற்களுக்கு ‘பிரித்தல்’ என்ற ஒரே பொருளை எழுதி வைத்துக்கொள்கிறார்கள். வினாத்தாளில் நான்கு விடையும் சரியாகத் தெரிவது அதனால்தான்.

படி 1: முன்னொட்டைப் பாருங்கள்

‘டிஸ்’ லத்தீனிலிருந்து வந்தது. விலகி, வேறாகி என்று பொருள். அதைக் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். ஆர்டர், கனெக்ட் என்று தெரிந்த சொல் நின்றால் பாதி வேலை முடிந்தது. ‘டிஸ்க்’ போன்றவற்றுக்கு இது செல்லாது.

படி 2: எப்படிப் பிரிந்தது என்று கேளுங்கள்

சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டம் நாலா பக்கமும் கலைந்தால் டிஸ்பர்ஸ். திருவிழா ராட்டினத்தைப் பாகம் பாகமாகக் கழற்றி லாரியில் ஏற்றினால் டிஸ்மேன்டில். சேலம் ஜங்ஷனில் ரயில் பெட்டியைக் கழற்றிவிட்டால் டிட்டாச், மறுபடி மாட்டிக்கொள்ளலாம். கயிற்றையோ உறவையோ ஒரேயடியாக அறுத்தால் செவர். இதன் கடைசியில் ‘ஈ’ சேர்ந்தால் ‘சிவியர்’, அதாவது கடுமையான, கவனம்.

ஏற்காடு எஸ்டேட்டில் காபிப் பழத்தின் தோலையும் கொட்டையையும் பல்ப்பர் இயந்திரம் பிரிக்கிறதே, அதற்குப் பொதுச்சொல்லான செபரேட் போதும். வினைச்சொல்லாக வந்தால் ‘செபரேட்’, ‘தனியான’ என்ற பொருளில் வந்தால் ‘செப்ரெட்’ என்று உச்சரிக்க வேண்டும்.

செக்ரிகேட் என்பதில் நின்று நிதானியுங்கள். ‘மந்தை’ என்ற லத்தீன் சொல் இதற்குள் இருக்கிறது, மந்தையிலிருந்து ஒதுக்குவது. 2016 திடக்கழிவு விதிகள் மக்கும், மக்காத, வீட்டு அபாயக் கழிவுகளைத் தனித்தனியாகத் தரச் சொன்னது இதைத்தான். குப்பையில் நல்ல காரியம். மனிதர்களை அப்படி ஒதுக்கினால் கொடுமை. அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைத் தனியே வைத்ததற்கும் இதே சொல்தான். 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. வாக்கியத்தில் யாரைப் பற்றிய பேச்சு என்று பார்த்த பிறகே பொருள் எழுதுங்கள்.

படி 3: குலைவுக்கு அளவு பாருங்கள்

மேசையில் வேண்டாத பொருள் குவிந்தால் கிளட்டர். அடுக்கு, வரிசை கலைந்தால் டிஸ்அரே. சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் சிக்னல் அணைந்து யாரும் யாருக்கும் வழிவிடாமல் நின்றால் கேயாஸ். மருத்துவ அறிக்கையில் டிஸார்டர் வந்தால் ‘குழப்பம்’ என்று எழுதாதீர்கள்; அங்கே அது கோளாறு.

படி 4: நீங்களே எழுதுங்கள்

ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் தெருவிலிருந்து ஒரு வாக்கியம். முதல் பயிற்சி: ஏற்காடு அடிவாரத்தில் மூட்டை அவிழ்ந்து ஆரஞ்சுகள் சாலையில் உருள்கின்றன. டிஸ்பர்ஸா, ஸ்கேட்டரா? இரண்டாவதுதான், கை தவறி இறைந்த பொருளுக்கு அதுவே பொருந்தும்.