இறந்தவர் விட்டுச்சென்ற வீடு, நிலத்தை மதிப்பிடுவது எப்படி?

இறந்தவரின் பெயரில் உள்ள வீட்டையோ நிலத்தையோ மதிப்பிட வேண்டும் என்றதும் பலரும் முதலில் கேட்பது, இன்று என்ன விலைக்குப் போகும் என்பதுதான். ஆனால் பல நாடுகளில் வரிக்கணக்குக்குத் தேவைப்படுவது, அவர் இறந்த நாளில் அச்சொத்துக்கு இருந்த சந்தை மதிப்பு. வாரிசுகள் தமக்குள் பாகம் பிரித்துக்கொள்ளும்போதோ பிரிவினை நாளை ஒட்டிய மதிப்பே நியாயமாக இருக்கும். எனவே எந்தத் தேதிக்கு, எந்தத் தேவைக்கு என்பதை எழுத்தில் கொடுத்தே மதிப்பீட்டாளரை அமர்த்துங்கள்.

அடுத்து, இறந்தவருக்கு அதில் என்ன உரிமை இருந்தது என்பதைப் பத்திரங்களைக் கொண்டு உறுதிசெய்ய வேண்டும். ஆயுள்காலம் வரை அனுபவிக்கும் உரிமை மட்டுமே அவருக்கு இருந்திருந்தால், அது அவரோடு முடிந்துவிடுவதால் வாரிசுகளுக்குப் பொதுவாக எதுவும் வராது. பிரிபடாத பாதிப் பங்காக இருந்தால், வெளியார் அதை முழு விலையின் சரிபாதிக்கு வாங்கத் தயங்குவார்கள் என்பதால், அதன் மதிப்பு பாதிக்கும் குறைவாக அமைவதுண்டு. அடமானக் கடனைக் கழித்து ஒரே தொகையாக எழுதாமல், சொத்தையும் கடனையும் தனித்தனியே காட்டுவது நல்லது.

குடியிருக்கும் வீடானால், எந்த நாளின் மதிப்பு வேண்டுமோ அந்நாளை ஒட்டி அக்கம்பக்கத்தில் உண்மையிலேயே விற்றுப்போன ஒத்த வீடுகளின் விலையே சிறந்த சான்று. விளம்பரத்தில் கேட்கும் விலை சான்றாகாது. பரப்பு, வயது, பழுது, பாதை வசதி ஆகியவற்றில் உள்ள வேறுபாட்டுக்கு ஏற்ப அவ்விலைகளைக் கூட்டியோ குறைத்தோ பார்க்க வேண்டும். வாடகைக் கட்டடமானால், செலவு போக நிற்கும் ஆண்டு வருமானத்தை, அத்தகைய சொத்தை வாங்குவோர் எதிர்பார்க்கும் வருவாய் வீதத்தால் வகுப்பார்கள். நிகர வருமானம் 1,20,000 என்றால் 6 சதவீதத்தில் மதிப்பு 20,00,000. வீதத்தை 5 சதவீதமாக்கினால் அதே கட்டடம் 24,00,000 ஆகிவிடும். ஆகவே அறிக்கை வந்ததும் கடைசிப் பக்கத்துத் தொகைக்குத் தாவாமல், அந்த வீதம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். ஒப்பிட விற்பனையும் இல்லை, வாடகையும் இல்லை என்னும்போதுதான் நில விலையோடு தேய்மானம் போன கட்டுமானச் செலவைக் கூட்டும் முறைக்குப் போவார்கள்.

வீட்டை ஒழித்து வெள்ளையடிக்கும் முன்பே ஒவ்வோர் அறையையும், ஒழுகும் கூரை, சுவர் விரிசல் உட்பட, படமெடுத்து வையுங்கள். துக்கத்தின் நடுவே இது யாருக்கும் தோன்றாது. ஆனால் மாதங்கள் கழித்து மதிப்பீட்டாளர் பின்னோக்கி எழுதும்போது அன்றைய நிலைக்கு அவையே சாட்சி. அந்நாளில் யாரும் அறிந்திருக்க முடியாத, பின்னர் அறிவிக்கப்பட்ட சாலைத் திட்டம் போன்றவை கணக்கில் சேரா.

வரிக்குப் பயந்து மதிப்பைக் குறைத்துக் காட்டச் சொல்லும் உறவினர் எங்கும் உண்டு. வாரிசின் விற்பனை லாபத்தை இறந்த நாள் மதிப்பிலிருந்து கணக்கிடும் நாடுகளில், இன்று குறைத்த தொகை நாளை விற்கும்போது லாபமாகக் கூடி நிற்கும்.