வேஷம் கலைந்த முகம்: இளம் கூத்துக் கலைஞர்களுக்காக ஒரு சிறுநூல் கொண்டுவருவது எப்படி?

விடிய விடியக் கர்ணனாக ஆடியவர், காலையில் தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துவிட்டு அதே ஊர்த் தேநீர்க்கடையில் வந்து நிற்கும்போது, இரவெல்லாம் அவருக்காகக் கண் கலங்கியவர்களுக்கே அவரை அடையாளம் தெரிவதில்லை. சுவரொட்டியிலும் ஜமா எனப்படும் கூத்துக் குழுவின் பெயரும், அதை நடத்திக் கற்றுத்தரும் வாத்தியாரின் பெயரும்தான் இருக்கும். இளையவர்கள் ‘குழுவினர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். காஞ்சிபுரம், திருவண்ணாமலை வட்டாரங்களில் தெருக்கூத்து ஆடும் இளைஞர்களுக்கு, நாமே அச்சிட்டு நாமே கொண்டுசேர்க்கும் ஒரு சிறுநூலால் பெரிய உதவி செய்ய முடியும்.

நூல் யார் கைக்குப் போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தாம்பூலம் வைத்துக் கூத்துக்கு ஏற்பாடு செய்யும் ஊர்ப் பெரியவர்களும் திரௌபதி அம்மன் கோயில் விழாக் குழுவினருமே முதல் வாசகர்கள். பங்குனி, சித்திரையில் மகாபாரதக் கதையை ஆடும் பாரத விழாக்கள் சூடுபிடித்துவிடும் என்பதால், நூல் தை மாதத்துக்குள் அவர்கள் கையில் இருந்தாக வேண்டும். கலைஞர்கள் ஓரளவு ஓய்வாக இருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களே அவர்களோடு உட்கார்ந்து பேச ஏற்ற காலம்.

டெமி என்னும் நூல் அளவில் 32 பக்கம், அதாவது பதினாறு பக்கம் கொண்ட இரண்டு ஃபாரம், போதும். அதில் 12 பேருக்கு ஆளுக்கு இரண்டு பக்கம் கொடுக்கலாம். இடப்பக்கத்தில் கிரீடமும் புஜகீர்த்தி என்னும் தோள் அணியும் கட்டிய முழு வேஷம். வலப்பக்கத்தில் அரிதாரம் இல்லாத முகமும் அவரைப் பற்றிய எழுத்தும். எந்தக் காரணத்துக்காகவும் இந்த இரட்டைப் படத்தை விட்டுவிடாதீர்கள். ஏனென்றால் கூத்துக் கலைஞரை மறைப்பது அவருடைய ஒப்பனையேதான். துரியோதனனை எல்லோருக்கும் தெரியும், துரியோதனன் கட்டியவரை யாருக்கும் தெரியாது. ஆட்டத்தின் நடுவே எடுக்கும் படங்கள் பெரும்பாலும் கலங்கிப்போகும். அரிதாரம் முடிந்து, மர அணிகளான கட்டை கட்டி, திரைக்குப் பின்னால் முகவீணை என்னும் சிறு குழல் ஒலிக்கக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் எடுத்தால் கண்கள் தெளிவாக விழும். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்; ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். நாங்கள் கொண்டுவந்த முதல் நூலில், பக்கம் வடிவமைத்தவருக்கு இரண்டு வேஷங்களும் ஒன்றுபோலத் தோன்றியதால், கர்ணன் படத்தின் கீழ் அர்ச்சுனன் கட்டிய பையனின் பெயர் அச்சாகிவிட்டது. அன்று அந்த இருவரின் முகத்தையும் பார்த்ததிலிருந்து, கலைஞர்களையே உட்கார வைத்துப் படங்களைச் சரிபார்க்காமல் நான் எதையும் அச்சுக்கு அனுப்புவதில்லை.

எழுத்தில் ‘சிறந்த’, ‘திறமைமிக்க’ போன்ற அடைமொழிகளால் பயனில்லை. எந்த வாத்தியாரிடம் எத்தனை ஆண்டு கற்றார், எந்தெந்த வேஷம் கட்டுவார், பின்னால் நின்று பாடும் பின்பாட்டும் பாடுவாரா, மிருதங்கம் தெரியுமா என்பதைத்தான் விழாக் குழு தேடும். அதோடு அவர் ஆடும் ஒரு காட்சியை நெருங்கி நின்று எழுதுங்கள். ‘கர்ண மோட்சம்’ கூத்தில் கர்ணனின் மனைவி பொன்னுருவியாக வேஷம் கட்டும் ஓர் இளைஞர், கணவன் போருக்கு விடைபெறும் இடத்தில் குரலை உயர்த்தாமல் தாழ்த்திக்கொண்டே போவார் என்று எழுதினால், படிப்பவர் அவரை நேரில் பார்க்க விரும்புவார். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி ஒப்புதல் பெறுங்கள். கைபேசி எண்ணை அவர் சம்மதித்தால் மட்டுமே போடுங்கள். தயங்குபவருக்கு, வாத்தியார் இசைந்தால், வாத்தியாரின் எண்ணைக் கொடுக்கலாம்.

சில நூறு பிரதிகளுக்கு டிஜிட்டல் அச்சே கட்டுப்படியாகும். ஆயிரத்தை நெருங்கினால் ஆஃப்செட் விலையையும் கேளுங்கள். வடிவமைப்பாளர் பழைய எழுத்துருவில் வேலை செய்தாலும், யூனிகோடு கோப்பு ஒன்றைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால், நூலை இணையத்தில் ஏற்றினாலும் கலைஞரின் பெயரைத் தேடுபவருக்கு அது கிடைக்காது.

தனிநூலாகக் கொண்டுவருவது சட்டப்படியும் எளிது. செய்தியும் கருத்தும் தாங்கிக் குறித்த இடைவெளியில் வரும் இதழுக்கு 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். நூலுக்கு அது தேவையில்லை. நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றித் தருகிறது. பாட்டின் காணொளியை இணைக்க க்யூஆர் குறியீடு அச்சிடுவதானால், காணொளி எடுக்கும் முன்பே கலைஞரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநருக்கும் தனி உரிமை தருகிறது. வாத்தியார் தாமே கட்டிய பாட்டை அச்சிட அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

பிரதிகள் வந்ததும் ஒவ்வொரு கலைஞருக்கும் குறைந்தது இருபது பிரதிகள் கொடுங்கள். அவரைவிட நன்றாக அதைக் கொண்டுசேர்ப்பவர் இல்லை. மாவட்டக் கலை மன்றம் 19 முதல் 35 வயது வரையுள்ளவர்களுக்கு வழங்கும் ‘கலை வளர்மணி’ விருதுக்கு விண்ணப்பிக்கும்போது இந்தப் பக்கங்களை இணைக்கலாம். 1954-ஆம் ஆண்டு நூல் அளிப்புச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். அந்த நான்கு பிரதிகளையும் முதலிலேயே எடுத்துத் தனியே கட்டி வைத்துவிடுங்கள். விழாக் காலம் தொடங்கிவிட்டால் கையில் ஒன்றுகூட மிஞ்சாது.