வீட்டுச் சிறுகுழு தொடங்குவது எப்படி?

சபையார் சிலர் கிழமைக்கு ஒருநாள் ஒரு வீட்டில் கூடி, வேதம் வாசித்து, பேசி, ஜெபிப்பதுதான் வீட்டுச் சிறுகுழு. அதைத் தொடங்க முதலில் போதகரிடம் பேசி அனுமதி வாங்குங்கள். அவருக்குத் தெரியாமல் தொடங்கினால், தனிச்சபை பிரிக்கிறார்கள் என்ற கதைதான் ஊரில் முதலில் பரவும். பிறகு சபை இடாப்பைக் குறிச்சி வாரியாகப் பிரியுங்கள். நடந்தோ சைக்கிளிலோ பத்து நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய 8 முதல் 12 பேர் ஒரு குழு. வயதும் தொழிலும் கலந்தே இருக்கட்டும். பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டு பேர் கதைப்பார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

குழுவுக்கு ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர் வேண்டும். பிரசங்கம் செய்யத் தெரிந்தவரைவிட வீடு வீடாகப் போய் விசாரிக்கக்கூடியவரே நல்லவர். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மெதடிஸ்த கிறிஸ்தவர்கள் தொடங்கிய ‘வகுப்பு’ முறை, ஆலயக் கடனை அடைக்கத்தான் பிறந்தது: 12 பேருக்கு ஒரு பொறுப்பாளர், ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி. காசு வாங்கப் போனவர்கள் வீட்டு நிலைமையைக் கண்டார்கள். பராமரிப்பு அங்கிருந்து வளர்ந்தது. 1814இல் யாழ்ப்பாணம் வந்த மெதடிஸ்த மிஷனரிமார் இந்த மரபில் வந்தவர்கள்.

அடுத்தது வீடு. பல குழுக்கள் உடைவது இந்த இடத்தில்தான். வசதியான ஒரே வீட்டில் எப்போதும் கூடினால் அது அந்த வீட்டுக்காரரின் கூட்டமாகிவிடும். ஆகவே யார் வீடு எந்தக் கிழமை என்ற பட்டியலை முதல் நாளே எழுதி எல்லோருக்கும் கொடுங்கள். சாதி பார்த்துச் சில வீடுகளில் தண்ணீர் குடிக்காத வழக்கம் நம்மிடையே முற்றாகப் போகவில்லை. எல்லா வீட்டிலும் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பதைக் குழுவின் ஒழுங்காகவே வையுங்கள். ஒரு குறிப்பிட்ட வீட்டின் முறை வரும்போது மட்டும் ஒருவர் வராமல் நின்றால், தலைவர் அந்தக் கிழமையே தனியே போய்ப் பேசவேண்டும். கண்டும் காணாமல் விட்டால், எல்லோரும் ஒன்றாகப் பங்குபெறும் கர்த்தருடைய பந்தியைப் (நற்கருணையை) பற்றி நாம் சொல்வதை அந்த வீட்டார் எப்படி நம்புவார்கள்?

பிளேன்ரீயும் ஒரு தட்டுக் கடலையும் போதும். ரோல்ஸ், கேக் என்று ஏறத் தொடங்கினால் இல்லாதவர்கள் சாட்டுச் சொல்லி ஒதுங்கிவிடுவார்கள்.

ரியூசன் இல்லாத ஒரு நாள், மாலை 6 முதல் 7.30 வரை. பாட்டு 10 நிமிடம், வேத வாசிப்பு 10, உரையாடல் 35, ஜெபம் 20, தேத்தண்ணி 15. முதல் நாளுக்கு மாற்கு 2:1–12 பொருத்தமான பகுதி: நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனை இயேசுவிடம் சுமந்துவந்த கதை. “இயேசு எந்த ஊரில் இருந்தார்?” என்று கேட்டால் ஒரு சொல்லோடு பதில் முடிந்துவிடும். “அந்த நாலு பேரைப்போல உங்களைச் சுமந்தவர் யார்?” என்று கேளுங்கள். அமைதி நிலவினால் பொறுத்திருங்கள். தலைவரே பதில் சொன்னால் அது பிரசங்கமாகிவிடும்.

குழுவில் சொன்னது வெளியே போகக்கூடாது. ஜெப விண்ணப்பத்தை வட்ஸ்அப்பில் போடுமுன் சம்பந்தப்பட்டவரிடம் கேளுங்கள். மகளின் கலியாணப் பேச்சோ கடனோ ஒருமுறை வெளியே கசிந்தால், அதன்பின் எல்லோரும் “சுகத்துக்காக ஜெபியுங்கோ” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். குழுவுக்குள் சீட்டும் கைமாற்றும் வேண்டாம். உண்மையான தேவை இருந்தால் போதகர் மூலம் உதவுங்கள்.

வராதவரை மூன்று நாளுக்குள் போய்ப் பாருங்கள். குறை கேட்கப் போகவேண்டாம், சுகம் விசாரிக்கப் போங்கள். எண்ணிக்கை 14 ஆனதும் துணைத் தலைவருடன் நான்கைந்து பேரை அனுப்பிப் புதிய குழுவைத் தொடங்குங்கள். அதை இரண்டு மாதம் முன்பே சொல்லிவையுங்கள்.