அக்கறை இருந்தால் ஒத்துழைப்பு வந்துவிடுமா? கணக்கில் நேரும் தவறுகள்

கைதிகளின் இக்கட்டு என்ற ஆட்டத்தில் இருவர் தனித்தனியே, ஒத்துழைப்பதா கைவிடுவதா என்று முடிவெடுக்கிறார்கள். அதற்கு வழக்கமாக வைக்கும் புள்ளிகள் இவை: இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3, இருவரும் கைவிட்டால் ஆளுக்கு 1. ஒருவர் மட்டும் கைவிட்டால் அவருக்கு 5, நம்பியவருக்கு 0. எதிராளி எதைச் செய்தாலும் கைவிடுவதே லாபம் என்பதால், இருவரும் கைவிட்டு 1-இல் நிற்பதுதான் சிக்கல். அடுத்தவர் மேல் கொஞ்சம் அக்கறை இருந்தாலே அது தீர்ந்துவிடும் என்று இங்கே பலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. போட்டுப் பார்த்தால் தெரியும்.

அடுத்தவருக்குக் கிடைக்கும் ஒவ்வொரு புள்ளியையும் ஒருவர் 'அ' அளவு தனதாக எண்ணுகிறார் என்று வைப்போம். எதிராளி ஒத்துழைக்கும்போது, தானும் ஒத்துழைத்தால் 3 + 3அ, கைவிட்டால் 5. ஆக, 'அ' குறைந்தது 2/3 இருக்க வேண்டும். எதிராளி கைவிடும்போதோ, ஒத்துழைத்தால் 5அ, கைவிட்டால் 1 + அ. இங்கே 1/4 போதும். 1/4-க்குக் கீழே விடை மாறாது. 2/3-க்கு மேலே இருவரும் ஒத்துழைப்பார்கள். சறுக்கல் நடுவில்தான். அங்கே ஆட்டமே வேறாகிவிடுகிறது: ஒருவர் விட்டுக்கொடுக்க மற்றவர் அனுபவிப்பது சமநிலை (ஒருவர் மட்டும் முடிவை மாற்றி லாபம் காண முடியாத நிலை) ஆகிறது, இருவரும் சேர்ந்து ஒத்துழைப்பது நிற்பதில்லை. எண்கள் மாறினால் இந்த எல்லைகளும் மாறும். ஒவ்வொரு அட்டவணைக்கும் புதிதாகவே போட வேண்டும்.

இன்னொன்று, அக்கறை எல்லாம் ஒரே வகை என்று நினைப்பது. பொருளியலாளர்கள் எர்ன்ஸ்ட் ஃபேர், கிளாஸ் ஷ்மிட் இருவரும் 1999-இல் முன்வைத்த மாதிரியில், ஏற்றத்தாழ்வுதான் மனிதரை உறுத்துகிறது. தான் முந்தியிருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் 0.4 உறுத்தினால், கைவிட்டு வாங்கிய 5 என்பது 5 − (5 × 0.4) = 3 ஆகச் சுருங்கும். எதிராளி ஒத்துழைத்தால் இவரும் ஒத்துழைக்கலாம். ஆனால் எதிராளி கைவிட்டால் இவரும் கைவிடுவார். ஏமாந்து 0 வாங்குவது முன்னைவிட அதிகமாக வலிக்கும். ஆகவே இவருக்குத் தேவை, எதிராளி ஒத்துழைப்பார் என்ற உறுதி. முந்தைய கணக்கில் 1/4-க்கும் 2/3-க்கும் நடுவில் இருப்பவர்களுக்குத் தேவை, யார் விட்டுக்கொடுப்பது என்ற முடிவு. இரண்டுக்கும் ஒரே மருந்து வேலை செய்யாது.

அட்டவணையில் உள்ளது பணமா, மனநிறைவா என்பதையும் முதலிலேயே பாருங்கள். மனநிறைவு என்றால் அக்கறை அதற்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. மீண்டும் கூட்டினால் இரட்டைக் கணக்கு.

ஒருவர் ஒரு தொகையைப் பங்கிட, மற்றவர் அதை ஏற்கவோ மறுக்கவோ செய்யும் ஆட்டத்தில் பாதிக்குப் பாதி கொடுப்பவரைத் தாராள மனம் என்று சொல்லிவிடவும் கூடாது. எதிராளி மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை என்ற பயம் அதில் கலந்திருக்கிறது. மறுக்கும் உரிமையை எடுத்துவிட்டால் கொடுக்கும் பங்கு குறைகிறது.

திரும்பத் திரும்ப ஆடும்போது, "ஒருமுறை கைவிட்டால் இனி என்றைக்கும் கைவிடுவேன்" என்ற மிரட்டலை அக்கறை பலவீனமாக்கும். மேலே கண்ட 1/4-ஐ இருவரும் தாண்டிவிட்டால், கைவிடுபவரோடும் ஒத்துழைப்பதே அவர்களுக்கு மேல். தண்டனையை நிறைவேற்ற மனம் வராது, எதிராளிக்கும் அது தெரியும்.