பழைய விசிஆர்ல இப்ப வர்ற டிவி ப்ரோக்ராமை ரெக்கார்ட் பண்ண

செட்டாப் பாக்ஸ் பின்னாடி இருக்கற மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரை டிவிக்குக் குடுக்காம விசிஆரோட ஏவி இன்ல சொருகுங்க, விசிஆர் அவுட்டை டிவிக்குக் குடுங்க, விசிஆர்ல சேனல் தேடிட்டு இருக்காம ஏவி இல்லன்னா எல்1னு வச்சு ரெக்கார்டை அமுக்குங்க, அவ்ளோதான். விசிஆர் ட்யூனருக்கு அனலாக் சிக்னல் மட்டும்தான் புரியும், இப்ப கேபிள்லயும் டிஷ்லயும் வர்றது டிஜிட்டல், அதை பாக்ஸ்தான் பிரிச்சு பழையபடி மாத்திக் குடுக்குது. பாக்ஸ் செட்டிங்ஸ்ல மறக்காம 4:3 லெட்டர்பாக்ஸ் வச்சிருங்க, இல்லன்னா திருவையாறு ஆராதனைல பஞ்சரத்ன கீர்த்தனை பாடறவங்க எல்லாம் ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுன்னு தெரிவாங்க (தம்புரா கூட வளர்ந்துரும்).

டைமர் போட்டா விசிஆர்தான் முழிச்சுக்கும், பாக்ஸ் தானா சேனல் மாத்தாது, அதனால அந்த சேனல்லயே ஆன் பண்ணி விட்டுட்டுப் போங்க. இ-180 கேசட்ல எஸ்பில (அதாவது சாதாரண வேகத்துல) 3 மணி நேரம் வரும்.

எச்டிஎம்ஐ மட்டும் இருக்கற பாக்ஸ்ல இது நடக்காது. காப்பி தடுப்பு இருந்தா படம் மங்கி மங்கித் தெளியும், அதுக்கும் வழியில்ல. நம்ம டெல்டா ஈரத்துக்கு கேசட் ஓரத்துல வெள்ளையா பூசணம் பூத்திருந்தா உள்ளயே போடாதீங்க, ஹெட் கெட்டுரும்.